காயாத பூச்சு

இடுப்புக்குப் பின்னால் நாரியில் பிடித்த வலி அன்று குதிகால் வரைக்கும் இறங்கியிருந்தது. கல்முனைப் பசாரில் விடியற்காலையிலிருந்து அரிசி மூட்டை இறக்கிவிட்டு வந்த நிப்றாஸ், முகம் கழுவக் குனிய முடியாமல் கிணற்றடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்ற பிறகுதான் எதுவோ குறைகிறதென்று பட்டது. பைப் சொட்டவில்லை. ஒரு கிழமையாக வாளிக்குள் விழுந்து தூக்கத்தைக் கெடுத்த டொக், டொக் சத்தம் இல்லை. பைப்புக்குப் போடவென்று வாங்கிய வாசரோ அவனுடைய சேட்டுப் பையில் கடதாசிச் சுற்றுக்கூடப் பிரியாமல் கிடந்தது.

"சிபானா, பைப்ப யாருகா பாத்த?"

குசினிக்குள்ளிருந்து மனைவி சிரித்தாள். "செய்யிறதையும் செஞ்சிபோட்டு யாரெண்டு கேள்வி வேற. நல்ல ஆள்தான்!"

நான் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தவன் மூடிக்கொண்டான். கலியாணமாகி இத்தனை மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை.

வீடு அவளுடையது. அவளுடைய வாப்பா சீதனமாக எழுதிக் கொடுத்தது. நிப்றாஸ் ஒரு பேக்கோடு வந்தவன். அவள் போ என்று சொன்னால் அதே பேக்கோடு போய் நிற்க அவனுக்கு வேறு வாசல் கிடையாது. அவளுடைய முதல் புருசன் பஸால், வீடு கட்டும் மேசன். இந்தச் சுவர்களை எழுப்பியதே அவனுடைய கைதான். கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் கொரோனா பிடித்து மௌத்தாகிப் போனான்.

மாரி மழை இறங்கியது. இலை அடைத்து வழிந்துகொண்டிருந்த கூரைப் பீலி ஒருநாள் துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது. உப்புக்காற்றில் இறுகிப்போய்க் கிரீச்சிட்ட பின்கதவு பூனை நடையில் திறந்தது. கழன்று ஆடிய ஜன்னல் கொண்டி தன் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. செய்ய வேண்டுமென்று நிப்றாஸ் மனதுக்குள் நினைத்த வேலைகள், வாய்விட்டு ஒருவரிடமும் சொல்லாத வேலைகள், அவன் மூட்டை சுமந்த பகல்களில் ஒவ்வொன்றாக முடிந்திருந்தன.

"பஸால் மௌத்தானதுக்குப் பிறகு இந்த ஊட்டுல ஒரு ஆம்புளக் கை பட்டதே இல்ல," என்றாள் சிபானா, அவனுடைய நாரிக்கு எண்ணெய் தடவியபடி. "நீங்க வந்த பிறகுதான் ஊடு ஊடா இரிக்கி."

முதுகில் அவளுடைய விரல்கள் ஊர்ந்தது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒன்று அரித்தது. மறைக்க ஏதாவது இருப்பவள்தான் இப்படி வாய் நிறையப் புகழுவாள். பகலில் ஒருவன் வருகிறான். வந்து, கை சும்மா இராமல், வீட்டையும் பார்த்துவிட்டுப் போகிறான்.

மூட்டையின் மறுமுனையைப் பிடிக்கும் பெரியநீலாவணைக் கிருஷாந்தனிடம் பாதியைச் சொல்லிப் பார்த்தான்.

"கூலி கேக்காம வேல செய்யிறவனா? மச்சான், என்ட ஊட்டுக்கும் ஒருக்கா அனுப்பிவிடு, கூரை ஒழுகுது," என்று சிரித்த கிருஷாந்தன், நிப்றாஸின் முகத்தைக் கண்டதும் அடங்கினான். "பகிடிக்குச் சொன்னன்டா. ஆனா நேரத்தோட ஒருநாள் போய்ப் பாரு."

அன்று பின்னேரம் நிப்றாஸ் நேரே மேற்குப் பக்க அறைக்குப் போனான். யாரும் படுக்காத அறை; அவன் நினைத்த வேலைகளில் மிச்சமிருந்தது அங்கேதான். அதன் சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய வெடிப்பு அடைபட்டிருந்தது. சீமெந்து நிறமில்லை, வெளிறிப்போன வேறொரு நிறம். தொட்டான். மாவுபோல விரலில் ஒட்டியது. மழை ஈரத்தில் சுவரெல்லாம் குளிர்ந்து கிடக்க, அந்தக் கோடு மட்டும் சுட்டது. மூக்கருகே கொண்டுபோனான். தலைமயிர் பொசுங்கிய நாற்றம்.

சாரனில் துடைத்தான். போகவில்லை.

பஸாலை எரித்தார்கள். கொரோனாவில் மௌத்தானவரை எரிக்க வேண்டுமென்பது அப்போதைய சட்டம். குளிப்பாட்டவில்லை, கபன் துணி சுற்றவில்லை, அடக்க ஜனாஸா ஊருக்கு வரவில்லை. சாம்பலை வந்து எடுக்கச் சொன்னபோது, "எங்கட ஆள எரிச்சத நாங்க ஏத்துக்கல்ல," என்று சிபானாவின் வாப்பா சொல்லியனுப்பினார். அந்தச் சாம்பல் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது.

நிப்றாஸ் தலையை உதறினான். மௌத்தானவன் வந்து பைப் பூட்டுவானா? உயிரோடிருக்கிற ஒருவன்தான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மறுநாள் வேலைக்கென்று போனவன், பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்ன கையோடு திரும்பி வந்து மதிலோரம் நனைந்துகொண்டு நின்றான். அடுத்த வளவில், தன் தங்கச்சி றுஸ்தாவின் விறாந்தையில், சிபானா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அது முடிவதற்குள், பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்ளே சத்தம் கேட்டது. மேசன் கரண்டி சாந்தை வழிக்கும் சத்தம்.

சரக்.

நிற்கும்.

சரக்.

திறப்பைப் போட்டுப் பின்கதவால் நுழைந்தான். பொசுங்கல் நாற்றம் தொண்டையில் அடைத்தது. மேற்கு அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினான்.

யாருமில்லை.

தரையும் இல்லை.

அறையின் நடுவில் சீமெந்துத் தரை, நூல் பிடித்தாற்போல நேராக வெட்டப்பட்டிருந்தது. கீழே கடல் மண். ஓரத்தில் ஈரக் குவியல். ஆள் நீளம். மக்கத்துக் கிப்லாவுக்கு முகம் வரும்படி.

கபுறுக் குழி.

ஊறிய தண்ணீரில் ஓர் உருவம் வலப்பக்கம் சரிந்து கிடந்தது. பூசிப் பூசித் தேய்த்தெடுத்த தோள். முதுகு. ஒரு காது. எல்லாம் சாம்பல். தண்ணீரில் கரையவில்லை. ஆவி பறந்தது.

"இஞ்சாருங்க, வந்துட்டீங்களா?" வளவுக்குள்ளிருந்து சிபானாவின் குரல். "உள்ளுக்கு என்ன சத்தம்?"

இப்போது சொல்லலாம். ஒரு வேலையையும் நான் செய்யவில்லை என்று. சொன்னால் வருவாள். வந்தால் பார்ப்பாள். அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். பிறகு இந்த வீட்டில் நிப்றாஸ் யார்?

"நான்தான்கா," என்றான். "தர வெடிச்சிக் கிடக்கு. பூசிறன்."

"அல்லாவே, இந்த நாரி வலியோடயா! ஆறுதலாச் செய்யுங்க. பிளேன்டீ ஊத்திக்கிட்டு வாறன்."

குழிக்குள் கழுத்து திரும்பியது.

கிப்லாவை விட்டு. அவன் பக்கம்.

கண் இருக்க வேண்டிய இடங்களில், பெருவிரலால் அழுத்திய பள்ளங்கள். கை ஒன்று மெதுவாக மேலே வந்தது. குழியின் விளிம்பில் மல்லாந்து விரிந்தது.

வெறுங்கை.

நிப்றாஸ் மண் குவியலில் கை வைத்தான். அள்ள விரல் மடங்கவில்லை. குசினியில் கேத்தல் சீறியது. கோப்பையில் கரண்டி சுற்றியது. காலடி.

அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. இந்த ஊரில் மௌத்தாகிற எவருக்கும் கபுறடியில் நின்று போடுகிற மூன்று பிடி மண், பஸாலுக்கு இன்னும் கொடுபடாத கடன்.