முதல் ஓசைக்கு முன்னால்

வாங்க கண்ணுகளா, கதவைச் சாத்திவிட்டு இப்படி என் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பிடிக்கும் முன் அது யார் கை என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு கிட்டார்க்காரனின் கதை சொல்கிறேன்.

அவனுடைய வலது கால் ஓரிடத்தில் சும்மா இருந்ததில்லை. உட்கார்ந்தாலும் ஆடும், சாப்பிட்டாலும் ஆடும், தூக்கத்தில்கூட மெத்தையின் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். இசைக்குழுவில் அவனுக்குத் ‘தையல் மிஷின்’ என்று பெயர். அப்படிப்பட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டின் பின்னறையில், புதிதாக வாங்கிய மிதிபலகையின் முதல் பொத்தானை மிதித்துவிட்டு, காலை அசைக்காமல் நின்றான். ஒன்றுமே கேட்கக்கூடாத இடத்தில் ஏதோ கேட்டது.

மிதிபலகை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மிடி கன்ட்ரோலர் என்பார்கள். வரிசையாகப் பொத்தான் வைத்த இரும்புப் பலகை. அதற்கென்று சொந்தமாக ஓசை கிடையாது. மிதித்தால் ஒரு கேபிள் வழியாக ஓர் எண்ணை அனுப்பும், அவ்வளவுதான். கேபிளின் மறுமுனையில் கிட்டாரின் ஓசையை மாற்றுகிற பெட்டி இருக்கும். எண் வந்ததும், அந்த எண்ணில் சேமித்து வைத்த ஓசையை அது எடுத்துக் கொடுக்கும். கூப்பிடுவது பலகை. வருவது பெட்டிக்குள்ளிருந்து.

முந்தின நாள் ஒத்திகையில் அதுதான் அவன் மானத்தை வாங்கியது. முதல் பாட்டுக்கு முதல் பொத்தானை மிதித்தான், கிட்டார் ஊமையாகிவிட்டது. இரண்டாவதை மிதித்தால்தான் முதல் ஓசை வந்தது. வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தபோது காரணம் விளங்கிற்று. அவன் மனிதர்களைப் போல ஒன்றிலிருந்து எண்ணித் தன் ஓசைகளை அடுக்கியிருந்தான். பலகையோ பூஜ்யத்திலிருந்து எண்ணியது. ஆக, முதல் பொத்தான் கூப்பிட்டது பூஜ்யத்தை. அங்கே அவன் எதையும் வைத்ததில்லை.

காலையிலேயே இசைக்குழுவின் பாட்டுக்காரர் போனில் பிடித்துக்கொண்டார்.

“என்ன தையல் மிஷின், நூல் மாட்டியாச்சா?”

“மாட்டிக்கிட்டே இருக்கேண்ணே.”

“சாயங்காலம் மேடை. நேத்து மாதிரி ஊமைப்படம் ஓட்டினே, அடுத்த வாரம் உன் இடத்துல என் மச்சான் நிப்பான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா சத்தம் வரும்.”

இப்போது, பின்னறையில் நின்றபடி, பெட்டியில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனை அவன் காதோடு அழுத்திக்கொண்டான். ஜன்னல் திரை வழியாக மஞ்சள் வெயில் தரையில் விழுந்திருந்தது. பக்கத்து அறையில் அவன் மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், சூடான துணியின் வாசமும் ஆவி சீறுகிற சத்தமும் விட்டுவிட்டு வந்தன. அதற்கெல்லாம் அடியில், காதுக்குள்ளே, ஈரமான எதையோ யாரோ மெல்ல இழுப்பதுபோல ஒரு சத்தம், இழுத்து, பாதியில் நின்று, நெடுநேரம் ஒன்றுமில்லாமல் இருந்து, பிறகு முதலிலிருந்து தொடங்கி இழுத்தது. கிட்டாரின் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தான். நிற்கவில்லை. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு வெறுங்கையோடு நின்றான். அப்போதும் நிற்கவில்லை. மூச்சுவிடத் தெரியாத ஒன்று மூச்சுவிடப் பழகுவதுபோல இருந்தது.

“அப்பா, நான் மிதிக்கட்டுமா?”

துள்ளித் திரும்பினான். மகள் நின்றாள். ஏழு வயது; ஒல்லி உடம்பு, பெரிய தலை. அதனால் அந்த வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

“வேணாம்டி. இது விளையாட்டுச் சாமான் இல்லை.”

“நீங்க மட்டும் நாள் பூரா விளையாடுறீங்க?” என்று கேட்டுவிட்டு, அவன் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “யாரோ தூங்குறாங்கப்பா,” என்றாள். “எழுப்பாதீங்க.”

ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டு, அவளை அம்மாவிடம் அனுப்பிவிட்டுப் பெட்டியின் முன் குந்தினான். சின்னத் திரையில், பூஜ்யத்துக்கு நேரே, ‘காலி’ என்று இருக்க வேண்டும்.

ஒரு பெயர் இருந்தது.

குண்டூசி பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு, அவனும் மனைவியும் ஒருவர் காதில் ஒருவர் சொல்லிச் சொல்லிப் பார்த்துத் தேர்ந்த பெயர். தங்களைப் பெற்றவர்களிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பெயரோடு வர வேண்டியவள் மூச்சில்லாமல் வந்தாள். நர்ஸ் துண்டில் சுற்றிக் கொடுத்ததை அவன் மனைவி மடியில் வைத்திருந்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டான். அதன்பின் அந்தப் பேச்சை அவன் எடுக்கவிட்டதில்லை. ஒருநாள் அவள் ஏதோ வாய்தவறித் தொடங்கியபோது, “கண்ணு திறக்காததைக் கணக்குல சேர்க்காதே. குண்டூசிதான் நம்ம தலைச்சன்,” என்று அடைத்துவிட்டான். கல்மனசுக்காரன் இல்லை, கண்ணுகளா. தாங்கமாட்டாதவன்.

“நீ இந்தப் பெட்டியைத் தொட்டியா?” என்று பக்கத்து அறையில் இருந்த மனைவியை அங்கிருந்தே கேட்டான்.

“உங்க பெட்டியில தூசி தட்டினாலே வீட்டுல போர் மூளும். நான் எதுக்குத் தொடப்போறேன்?” இஸ்திரி சீறியது. “ஏன், என்னாச்சு?”

“ஒண்ணுமில்லை.”

பலகையை ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லி மாற்றிவிடலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் அப்படிச் செய்தால் பூஜ்யத்தில் அந்தப் பெயர் அப்படியே இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், கூப்பிடுவாரில்லாமல், இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டு. அதை அவனால் பொறுக்க ஆகாது. அழிக்கப் பார்த்தான். ‘இந்த இடம் பயன்பாட்டில் இருக்கிறது’ என்றது திரை. வேறு பொத்தானை மிதித்துவிட்டு மறுபடி அழிக்கப் பார்த்தான். மறுபடி அதையே சொன்னது.

அப்போதுதான் ‘இடமாற்று’ என்ற சொல் கண்ணில் பட்டது. இரண்டு இடங்களில் இருப்பதை ஒன்றின் இடத்தில் மற்றதாக மாற்றி வைக்கிற வசதி அது. அதை ஒன்றுக்குத் தள்ளி, ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளி, அப்படியே கடைசி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டால் பிறகு யார் காலும் அங்கே எட்டாது. முதல் பாட்டின் ஓசையும் முதல் பொத்தானுக்கு வந்துவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஒன்றாம் இடத்தில் இருந்த ஓசை அவனுக்கு ரொம்பப் பிடித்தது. மெலிந்து, கூராக, கேட்டவர்களைச் சுருக்கென்று குத்துகிற ஓசை. அதற்கு மகளின் செல்லப்பெயரையே வைத்திருந்தான்.

‘குண்டூசி. இடம் மாற்றவா?’ என்று திரை கேட்டது.

மாற்று என்று அழுத்தினான்.

கிட்டாரை மாட்டி, முதல் பொத்தானை மிதித்து, ஒரு தந்தியை இழுத்தான். வந்தது! சுத்தமாக, கூராக, வெயிலில் மின்னுகிற ஊசி மாதிரி வந்தது. மூச்சுச் சத்தம் இல்லை. சிரிப்பே வந்துவிட்டது அவனுக்கு. கால் பழையபடி ஆடத் தொடங்கியது. பாட்டுக்காரரின் மச்சான் இனி வேறு வேலை தேடிக்கொள்ளட்டும்.

பக்கத்து அறையில் இஸ்திரி நின்றிருந்தது.

“வாடி கண்ணு, தலை வாரி விடுறேன்,” என்றாள் மனைவி. “என்னடி இது, முடியெல்லாம் ஈரம்?”

பதில் இல்லை. குண்டூசி பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லுகிற வாய். சீப்பு முடியில் இறங்குகிற சத்தம் கேட்டது. சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. மனைவி ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். பத்து வருடமாக அவள் பாடி அவன் கேட்டதில்லை.

இழுத்த தந்தியின் ஓசை தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அது அடங்கின இடத்தில், ஹெட்ஃபோனில், இன்னொன்று இருந்தது.

“அப்பா.”

அவன் கால் நின்றது.

“அப்பா, இங்க லைட்டு இல்லை.”

கேபிள் நீண்ட மட்டும் வாசலுக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தான். மனைவி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கால்களுக்கு நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பெண்பிள்ளை. குண்டூசியின் சட்டை. பூப்போட்ட அதே சட்டை. ஆனால் தலை சின்னது. கழுத்து அந்தத் தலையைத் தாங்கப் பழகாததுபோல ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. தரையில் தண்ணீர்.

“அது… யாரு?”

“உங்களுக்குக் கண்ணு பிசகிடுச்சா? நம்ம தலைச்சன்,” என்றாள் மனைவி, திரும்பாமலே. அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

“அப்பா, கதவு எங்க இருக்கு?” என்றது காதில்.

ஓடினான். குந்தினான். இடமாற்று. விரல் வழுக்கியது. பூஜ்யம். குண்டூசி. ஒன்று. அந்தப் பெயர். மாற்று. மாற்று.

‘இந்த இடம் பயன்பாட்டில் இருக்கிறது.’

வேறு பொத்தானை மிதித்துப் பூஜ்யத்தை விடுவிக்க வேண்டும். விட்டால்தான் மாறும். விட்டால் குரல் போய்விடும். திரும்ப வருமா? தெரியாது. எழுந்து காலைத் தூக்கினான்.

ஈரக் காலடி. பின்னால்.

இன்னொன்று.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. இஸ்திரித் துணியின் வாசம் போய், ஆஸ்பத்திரித் துண்டின் மருந்து வாசம். முதுகுக்குப் பின்னே அந்த மூச்சு. இப்போது நிற்காமல், தடுமாறாமல், நன்றாகப் பழகி.

“அப்பா, சீக்கிரம்,” என்றாள் குண்டூசி, எங்கிருந்தோ.

அவன் முழங்காலை ஒட்டி ஒரு சின்னக் கால் நீண்டது. வெளுத்த கால். நகம் இன்னும் கெட்டிப்படாத விரல்கள். பாதத்தில் ஒரு சுருக்கமில்லை, ஒரு கீறலில்லை. ஒருநாளும் மண் தொடாத பாதம். அது முதல் பொத்தானின் மேல் மெதுவாக இறங்கி, நின்றது. வீட்டின் கனமெல்லாம் அதில் இருந்தது. வாசலில் மனைவி சீப்போடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அடியில் கிடந்த குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கால் விலகவில்லை; அது விலகாதவரை பூஜ்யமும் விடுபடாது.

சரி, எழுந்திருங்கள் கண்ணுகளா. விளக்கைப் போட்டுக்கொண்டே போங்கள். உங்கள் வீட்டில் நீங்கள் கூப்பிட்ட பிள்ளையே கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரட்டும். ஓடி வந்த பிள்ளையின் கால் கதகதப்பாக இருக்கட்டும். வந்தவர்களுக்கும் வராமல் போனவர்களுக்கும் உங்கள் நெஞ்சில் இடம் இருந்து, உங்கள் குடும்பம் ஒன்று குறையாமல் தழைத்து வாழட்டும்.