ஐம்பத்தொரு பீப்

நட்சத்திரம் பதினொரு நிமிஷம் முன்கூட்டியே காணாமல் போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த டைம் கீப்பருக்கு முதலில் பயம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. வேறென்ன வரும்? பகலெல்லாம் பஸ் டிப்போவில் நின்றபடி எந்த வண்டி எத்தனை மணிக்குப் போச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சு என்று எழுதிவிட்டு வந்த ஆள். கால் இரண்டும் வீங்கி செருப்பு பிடித்துக்கொண்டிருந்தது. நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் பாசி வாடையும் காயாத துணியின் சோப்பு வாடையும் மூக்கில் ஏற, டெலஸ்கோப்பில் ஒற்றைக்கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ரேடியோ, செகண்டுக்கு ஒன்றாக, பீப் பீப் என்று சலிக்காமல் கத்திக்கொண்டிருந்தது.

"போச்சு," என்றான், கையில் இருந்த ரெக்கார்டரைப் பார்த்து. அதே மூச்சில், "வந்துடுச்சு."

அவ்வளவுதான். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை.

இந்த வேலையே இவ்வளவுதான், பாருங்கள். எங்கோ மேலே சூரியனைச் சுற்றும் ஒரு கல், ஒரு நட்சத்திரத்துக்கு நேர்குறுக்கே வரும். வந்தால் நட்சத்திரம் சுவிட்சை அணைத்தது போல மறையும், ரெண்டு மூணு செகண்டில் திரும்ப வரும். மறையும்போது "போச்சு", தெரியும்போது "வந்துடுச்சு". ரேடியோ பீப்போடு சேர்த்து அதைப் பதிவு பண்ணி அனுப்ப வேண்டும். வேறு வேறு ஊரில் ஏழு பேர் இப்படி உட்கார்ந்து நேரம் குறித்து அனுப்புவார்கள். அதையெல்லாம் கோடு கோடாகப் போட்டு, அந்தக் கல்லின் உருவத்தை வரைந்துவிடுவார் கண்ணாடிக்கடைக்காரர். பகலில் மூக்குக்கண்ணாடி விற்கிற மனுஷன், ராத்திரியில் இந்த ஏழு பேருக்கும் தலைவர்.

கல் வரவேண்டிய நேரம் இரண்டு நாற்பத்தேழு. நட்சத்திரம் போனதோ இரண்டு முப்பத்தாறுக்கு. நாற்பத்தேழுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. நட்சத்திரம் குத்துக்கல் மாதிரி நின்றது.

மறுநாள் காலை டிப்போவில் கண்ணாடிக்கடைக்காரரின் போன்.

"என்னய்யா டைம் கீப்பர், மத்த ஆறு பேருக்கும் நாப்பத்தேழுக்கு டாண்ணு மறைஞ்சிருக்கு. உனக்கு மட்டும் முப்பத்தாறா? உன் கல்லு எக்ஸ்பிரஸ்ல வந்துச்சா?"

"சத்தியமா மறைஞ்சுது சார்."

"தூங்கியிருப்ப. போன தடவையும் இதே கதைதான். அது போகட்டும், பதிவை எதுக்கு வெட்டின?"

"வெட்டலையே!"

"எண்ணிப் பாரு. நிமிஷத்துக்கு அறுபது பீப் இருக்கணும். நீ போச்சுன்னு சொன்ன நிமிஷத்துல அம்பத்தொண்ணுதான் இருக்கு. மிச்ச ஒம்பதை யாரு தின்னா? இன்னொரு தடவை இப்படி அனுப்பினா உன் பேர அடிச்சிருவேன், சொல்லிட்டேன்."

பேரை அடிப்பது அவனுக்குப் பெரிதில்லை. பெரிதாய் இருந்தது வேறொன்று. போன வாரம் டிப்போவில், கிளம்பாத ஒரு வண்டியைக் கிளம்பியதாக எழுதிவிட்டான். அதற்கு முந்தைய வாரம், இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டி மூணாவது நிறுத்தத்தில் விழித்தான். தனக்குள்ளிருந்து நேரம் ஒழுகுகிறதோ, பழைய குழாய் மாதிரி, தெரியாமலே சொட்டுச் சொட்டாக? அவன் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் சொந்த வீட்டு வாசலில் நின்று வழி கேட்டார். ஓட்டை தன் தலையிலா, வானத்திலா? அது தெரியாமல் அவனால் சோற்றில் கைவைக்க முடியவில்லை.

மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தச்சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி, அணு அணுவாக எண்ணுகிற வேலை அவளுக்கு.

"நாள் பூரா அடுத்தவங்க ரத்தத்த எண்றவ நான். ஒத்த நட்சத்திரத்த எண்ண மாட்டேனா? அடுத்த தடவை நானும் வரேன். ரெண்டு பேரும் ஒண்ணா தூங்க மாட்டோம்ல?"

"நீ எதுக்கும்மா? உனக்கே உடம்பு அசந்து போயிருக்கு."

"உங்களுக்கு எடம் பிடிச்சுக் குடுத்தே என் பாதி ஆயுசு போச்சு. இதுலயும் பிடிச்சுட்டுப் போறேன்."

அது ஒரு பழைய கேலி. கல்யாணமான புதிதில் எந்த பஸ்ஸிலும் அவள்தான் முதலில் முண்டியடித்து ஏறுவாள். ஜன்னலோரம் ஒரு பையைப் போட்டுவிட்டு, "ஏங்க, எடம் பிடிச்சு வச்சிருக்கேன்!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கூவுவாள். டிப்போக்காரனுக்கு சீட் பிடிக்கத் தெரியாது என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

எட்டு நாள் கழித்து அடுத்த கல். அதற்கும், என்ன பொருத்தமோ, அதே இரண்டு நாற்பத்தேழு. மொட்டைமாடியின் இந்த ஓரத்தில் அவன், படிக்கட்டுக் கதவை ஒட்டி அந்த ஓரத்தில் அவள். நடுவே பத்தடி எடுத்து வைக்கிற தூரம். ஆளுக்கொரு டெலஸ்கோப், ஆளுக்கொரு ரேடியோ, ஆளுக்கொரு ரெக்கார்டர். நிஜமான கல்லாக இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் மறையும். கல்லின் நிழல் ஒரு செகண்டில் பல ஊரைத் தாண்டும், பத்தடியெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை. அவனுக்கு மட்டும் மறைந்தால் அவன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம்.

அவள் போன மாதம் வாங்கிய பச்சை சால்வையைப் போர்த்தியிருந்தாள். புதுத்துணி மொடமொடப்பு இன்னும் போகவில்லை. அவள் உட்கார்ந்த முக்காலி ஒரு கிழட்டு முக்காலி. மூச்சு விட்டால்கூட கிறீச்சிடும்.

"இந்த முக்காலிக்கு வாய் மூடாது போல," என்றாள் இருட்டிலிருந்து.

"உனக்குத் துணையாத்தான் போட்டேன்."

"ம், பேசுவீங்க பேசுவீங்க."

கிறீச். பீப். கிறீச். கீழே தெருவில் ஒரு வண்டி போய் ஓய்ந்தது. தொட்டியில் எங்கோ சொட்டுச் சத்தம். அவனுக்குக் கண் எரிந்தது. கண்ணிமைக்குள் மணல் கிடப்பது போல. இரண்டு முப்பத்தைந்து.

இரண்டு முப்பத்தாறு.

"போச்சு!" என்றாள் அவள்.

அவன் நட்சத்திரம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு அதுவும் போனது.

"போச்சு. வந்துடுச்சு."

"எனக்கும் வந்துடுச்சு," என்றாள். "போன மாதிரியே தெரியல, அதுக்குள்ள வந்துருச்சு. பாத்தீங்களா? உங்க தூக்கம் இல்ல. நானும் பாத்தேன்."

அவனுக்கு அழுகை வரும் போல நிம்மதியாக இருந்தது. ஓட்டை தன் தலையில் இல்லை. அந்த நிம்மதியோடுதான் இரண்டு ரெக்கார்டரையும் அங்கேயே போட்டுக் கேட்டான்.

அவள் பதிவில் "போச்சு" இருபதாவது பீப்பில். அவன் பதிவில் இருபத்தாறாவதில். இரண்டிலும் அந்த நிமிஷத்துக்கு ஐம்பத்தொரு பீப்தான்.

"ஆறு செகண்ட் தள்ளி மறைஞ்சிருக்கு," என்றான். "பத்தடி. ஆறு செகண்ட்."

"அதனால என்ன?"

அவன் எழுந்து அவள் இடத்திலிருந்து தன் இடத்துக்கு நடந்து பார்த்தான். வாயால் எண்ணிக்கொண்டே. இரவு கடைசி வண்டியை விட்டுவிட்டு கண்டக்டர்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருவார்களே, அந்த நடை. அலுத்த நடை. ஐந்து... ஆறு.

சரியாக வந்தது.

"எதுவோ நடந்து போயிருக்கு," என்றான் மெதுவாக. "உன்கிட்டேருந்து என்கிட்ட."

"பறவையா இருக்கும்."

"கிட்டத்துல போனா மங்கி மங்கித்தான் மறையும். இது டப்புனு மறைஞ்சுது. ரொம்ப உயரத்துல, அங்க... அங்க வரைக்கும் இருக்கிற ஏதோ ஒண்ணு."

அவன் தன் பதிவை மறுபடி போட்டான். அவள் குரல் தூரத்தில் "போச்சு" என்றது. அப்புறம் பீப். பீப். பீப். அவன் காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். ஆறு பீப் வரைக்கும் அவள் பக்கமிருந்து ஒரு கிறீச் இல்லை. அவள் ரேடியோவின் சத்தமும் இல்லை. ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னதாக அவள் சொல்கிறாள். அந்த ஆறு செகண்டில் அங்கே முக்காலியே இல்லை போல இருந்தது.

அந்த நேரம் அவன் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் கண்ணை எடுக்கக் கூடாது என்பதுதானே இந்த வேலையின் முதல் பாடம்.

"கீழ போயிடலாம்மா."

"இன்னும் மூணு நிமிஷத்துல கல்லு வந்துரும். அதை விட்டுட்டா அந்த ஆளு பதிவை வெட்டினோம்னுதான் சொல்வாரு. வெட்டுறவங்களா நாம?" அவள் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு, தன் ரெக்கார்டரை மறுபடி ஓடவிட்டு முக்காலிக்குப் போனாள். "முடிச்சுட்டுத் தூங்கலாம். எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு."

வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அவ்வளவு அசதி. மூணு நிமிஷம்தானே என்றது உடம்பு. உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் இந்த முறை அவன் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். தெருவிளக்கின் மங்கல் வெளிச்சத்தில் கூன் போட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பச்சை முதுகை.

"என்னையே பாத்துட்டு இருக்காதீங்க," என்றாள் திரும்பாமலே. "கல்லப் பாருங்க."

கிறீச்.

பீப்.

"போச்சு."

அவள் இருந்த இடம் இல்லை.

இருட்டாக இல்லை. இல்லவே இல்லை. முக்காலி, டெலஸ்கோப், பின்னால் கைப்பிடிச் சுவர், எதுவும். அதற்கு மேலே, தலையை அண்ணாந்தால், நட்சத்திரமே இல்லாத ஒரு கறுப்புப் பட்டை. உச்சி வரைக்கும். அதன் ஓரம் அசைந்தது. ஒரு எட்டு. நின்றது. இன்னொரு எட்டு.

அலுத்த நடை.

அவன் ரேடியோ எண்ணியது. மூன்று. நான்கு. கத்த வாய் திறந்தான். ஐந்து.

ஆறு.

முக்காலி இருந்தது. டெலஸ்கோப் இருந்தது. சுவர் இருந்தது. அவள் ரேடியோ பீப் பீப் என்றது. அவள் மட்டும் இல்லை.

பத்தடியை எப்படித் தாண்டினான் என்று தெரியாது. முக்காலி மேல் சால்வை கிடந்தது. எடுத்தான். விரலோடு பிய்ந்து வந்தது. பச்சை போய் சாம்பல் நிறம். எத்தனையோ வருஷம் உடுத்திக் கசக்கி நைந்த துணி. முக்காலியின் மேல்பலகை நடுவில் குழிந்து தேய்ந்து, உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்பது போல வழவழப்பாய் இருந்தது.

அவள் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னுக்குத் தள்ளிப் போட்டான்.

"போச்சு," என்றது அவள் குரல்.

அடுத்த பீப் வரவில்லை. வெறும் அமைதி. பிறகு, ரொம்பக் கிட்டத்தில், அவள்.

"ஏங்க... பீப் கேக்கல. பரவால்ல, நானே எண்றேன். நீங்க எழுதிக்குங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு."

எண்ணினாள். ஒன்பது. பத்து. பதினொன்று. அவன் முன்னுக்குத் தள்ளினான். ஆயிரத்து இருநூற்று நாலு. திரையில் பதிவின் நீளம் நகரவில்லை. குரல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. தள்ளினான். லட்சம். கோடி. இன்னும் தள்ளினான். குரல் கரகரத்தது, தேய்ந்தது, பல் விழுந்த வாயில் சொற்கள் குழறின. ஆனாலும் அவள்தான்.

"நூத்தி முப்பத்தொரு கோடியே... நாலு. நூத்தி முப்பத்தொரு கோடியே... அஞ்சு."

எண்ணிக்கை நின்றது. முக்காலி கிறீச்சிட்டது. பதிவுக்குள்.

"ஏங்க," என்றது அந்தக் கிழக்குரல், பஸ் ஜன்னலிலிருந்து கூவுகிற அதே ராகத்தில். "எடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

அவன் தலையைத் தூக்கினான்.

படிக்கட்டுக் கதவுக்கு மேலே நட்சத்திரங்கள் அணைந்துகொண்டிருந்தன. ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவசரமே இல்லாமல்.