பின்னால் ஒரு ‘ம்’

மனைவி மூக்கால் அழவில்லை என்பதைக் கவனிக்கவே மதிப்பீட்டாளருக்கு அரை நாள் பிடித்தது. காலையிலிருந்து கார் மணல்காட்டு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கு வழியே அனல் அடித்தது, ஏசி என்ற பெயரில் ஒன்று இருமிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்நேரம் பின்சீட்டிலிருந்து முட்டி வலிக்கிறது, தண்ணீர் கொதிக்கிறது, அந்தக் கடையில் நிறுத்தியிருக்கலாம் என்று புகார்கள் வரிசை கட்டியிருக்க வேண்டும். இன்று மூச்சுப் பேச்சு இல்லை. அப்பாடா, இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிச் சொல்லி ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கட்டடங்களுக்கு விலை போடுவது அவர் தொழில். வங்கியில் கடன் கேட்பவர்களின் வீட்டுக்குப் போய், விரலை மடக்கிச் சுவரைத் தட்டி, பூச்சு எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடித்து, வீட்டுக்காரர் கனவு கண்டதில் பாதியை எழுதிக் கொடுப்பவர். கல்யாண மண்டபத்துத் தூணைத் தட்டுவார். சாவு வீட்டில்கூடக் கூரையை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கியவர். பாலைவன ஊர்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஆசைப்பட்டவள் மனைவிதான். வந்த இடத்தில் இவர் கிழித்தது, கோட்டை கொத்தளத்துக்கெல்லாம் தேய்மானம் கழித்தது மட்டும்.

இன்னொரு பெருமையும் உண்டு அவருக்கு. எங்கே போனாலும் பத்தடி முன்னால் நடப்பார். பேசிக்கொண்டே போவார், திரும்பமாட்டார். பின்னால் ரப்பர் செருப்பு சரக் சரக்கென்று கேட்க வேண்டும், இடையிடையே ‘ம்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். இந்த இரண்டும் வந்தால் மனைவி வருகிறாள் என்று கணக்கு. முகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? பார்த்த முகம்தானே.

முந்தின நாள் சாயங்காலமும் அப்படித்தான். முதல் ஊரில், விடுதிக்குப் பின்னாலேயே ஆளில்லாமல் பாழாய்ப்போன ஒரு தெரு இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலையும் கல் வைத்து அடைத்து, சுண்ணாம்புக் காரை பூசியிருந்தார்கள். காற்று சுழன்று சுழன்று அடித்தது. பின்னால் மனைவி, “என்னங்க, என் துப்பட்டா... நில்லுங்களேன்!” என்று கத்தினாள். “நட, நட” என்றார் இவர். அடைத்த வாசல் ஒன்றின் முன் நின்று, விரலை மடக்கித் தட்டினார். டொப். இன்னொரு தரம். டொப்.

“உள்ளே காலி. வெறும் பூச்சுதான் நிக்குது. இதைப் பாக்கத்தான் வீட்டை விட்டுட்டு வந்தோம்.”

கொஞ்சம் தாமதமாக, “ம்” என்று பதில் வந்தது.

விடுதிக்குத் திரும்பும்வரை அந்த ‘ம்’மைத் தவிர வேறொன்றும் வரவில்லை. மறுநாள் காலை அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, “சரி, சரி” என்றார். கீழே வந்து காரில் முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கிளம்பச் சொன்னார்.

இரண்டாவது ஊரில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவன் அவர் தட்டை ஒழுங்காக வைத்தான். அவளுடைய தட்டை மட்டும் மேஜை ஓரத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்தான். தலைநிமிராமல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவர், “எருமை! தட்டை எங்கே வைக்கணும்னுகூடவா தெரியாது?” என்றார். ஓரக்கண்ணில் மஞ்சள் துப்பட்டா தெரிந்தது. தூசுக்குப் பயந்து இந்தப் பக்கத்தில் எல்லோரும்தான் முகத்தை மூடிக்கொள்கிறார்கள், இவளும் மூடியிருந்தாள். சாப்பிட்டு எழுந்ததும், வழக்கம்போலத் தோளுக்கு மேலாக ஒரு உள்ளங்கை நீண்டது. மாத்திரை. அதுவும் வழக்கம்தான். அவருடைய ரத்த அழுத்தம் அவளுடைய பொறுப்பு. எடுத்து வாயில் போட்டார். கரகரவென்று இருந்தது, நாக்கு எரிந்தது. மாத்திரையிலும் கலப்படம் பண்ணுகிறார்கள், திருட்டுப் பசங்க என்று திட்டிக்கொண்டே விழுங்கினார்.

அரண்மனை வாசலில் ஒரு வழிகாட்டி ஒட்டிக்கொண்டான். “சார், நேத்து அந்தப் பழைய தெருவுக்குப் போயிருந்தீங்களா? அங்கே அடைச்ச வாசல் எதையாவது...” என்று ஆரம்பித்தான்.

“கதை அளக்காதே. கழிப்பறை எங்கே, அதைச் சொல்லு.”

வழிகாட்டி அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே இரண்டடி பின்வாங்கி, திரும்பி, கூலி கேட்காமலே போய்விட்டான். அது மிச்சம் என்று அவர் சந்தோஷப்பட்டார். இப்படிப்பட்ட சந்தோஷங்களுக்குப் பிறந்த மனிதர்.

அன்றிரவு அறையில் பக்கத்துக் கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், துப்பட்டாவைக்கூட எடுக்காமல். அறையில் ஒரு வாடை. அவருக்குப் பழக்கமான வாடைதான் அது, பல வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அது. விடுதிக்காரனைக் கேவலமாக ஏசிவிட்டு, குறட்டை விட ஆரம்பித்தார்.

மறுநாள் காரில் ஏறியதும்தான் பார்த்தார், ஓட்டுநர் உள்கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான். முதல் நாள் முழுக்கப் பாட்டுப் போட்டு உயிரை வாங்கியவன், இன்று ரேடியோவைத் தொடவில்லை. கழுத்து வியர்த்து, சட்டைக் காலர் நனைந்திருந்தது.

“கண்ணாடியைத் திருப்பி வெச்சுக்கிட்டு எப்படிய்யா ஓட்டுவே? பின்னால வர்ற வண்டி தெரிய வேண்டாமா?”

“வேண்டாம் சார்” என்றான் ஓட்டுநர். “எனக்குத் தெரிய வேண்டாம்.”

அவருக்கு அப்போதுதான் லேசாகச் சந்தேகம் தட்டியது. திரும்பிப் பார்த்திருக்கலாம். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஆனால் ஆம்பிளை, இத்தனை வருஷம் திரும்பாதவர், ஒரு கார் ஓட்டுகிறவன் முன்னால் பெண்டாட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதாவது! கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிலும் ஒன்றுமில்லை. காலை வணக்கப் பூங்கொத்துப் படங்களாக அனுப்பித் தள்ளுகிறாள் என்று மனைவியின் எண்ணைச் சத்தம் வராமல் அடக்கி வைத்து வெகு நாளாகிறது.

மூன்றாவது ஊரில் ஒரு படிக்கிணறு. நாலு பக்கமும் படிகள் இறங்கி இறங்கி, அடியில் இருட்டாய்க் குவிந்திருந்தன. வெயில் சாய ஆரம்பித்திருந்தது, வேறு ஒருவரும் இல்லை. அவர் வழக்கம்போல முன்னால் இறங்கினார், வழக்கம்போலப் பேசிக்கொண்டே இறங்கினார். “தண்ணி இல்லாத கிணத்துக்கு இத்தனை படி. கட்டினவனைச் சொல்லணும்.”

“ம்.”

காதுக்கு வெகு பக்கத்தில் வந்தது அது. பத்தடி தள்ளி இல்லை. நின்றார். செருப்புச் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யோசித்துப் பார்த்தால், நேற்றும் கேட்கவில்லை. அதற்குப் பதில் வேறு ஒன்று, சுவரிலிருந்து காரை உதிர்ந்து பொலபொலவென்று தரையில் விழுகிற சத்தம், அவர் ஒரு படி இறங்கினால் ஒரு படி இறங்கியது, அவர் நின்றால் நின்றது. அந்தப் பூட்டிய வீட்டு வாடை கழுத்தோரம் சூடில்லாமல் வந்து மோதியது.

இவளுக்கு என் மேல் கோபம், அதான் இப்படி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

“ம்.”

அவர் வாயைத் திறக்கவே இல்லை.

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கேட்டுவிடலாம், மனசுக்குள்ளேயே கேட்டுவிடலாம். நீ என் பெண்டாட்டிதானே?

பதில் இல்லை. கிணற்றுக்குள் ஒரு புறாகூட அசையவில்லை.

திரும்பிப் பார்க்கட்டுமா?

“ம்!” என்றது, ஆசையாக.

அவர் திரும்பவில்லை. எதிர்ப்பக்கத்துப் படிகளில் ஏறினார். ஏறினார் என்ன, தவழ்ந்தார். ஊரில் எத்தனையோ பேரை வாசலில் நிற்க வைத்து விரட்டிய மனிதர், மூக்கு ஒழுக, கை ஊன்றி, பொலபொலவென்ற சத்தம் கூடவே ஏறி வர, காருக்கு வந்து சேர்ந்தார்.

“அந்த முதல் ஊருக்கே போப்பா. சீக்கிரம். உனக்குப் புண்ணியமாப் போகும்.”

ஓட்டுநர் சாவியைத் திருகினான். பின்கதவு திறந்தது. மூடியது. இருவரும் அசையாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வழியெல்லாம் அவர் ஒன்றையே நினைத்தார். விடுதியில் விளக்கு இருக்கும், ஆட்கள் இருப்பார்கள். அங்கே போய்த் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அவள்தான் என்று தெரிந்தால் போதும். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக்கூடக் கேட்டுவிடலாம். அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். நெற்றி வந்தது. மூக்கு வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளின் கண் எப்படி இருக்கும் என்று அந்தப் புத்திசாலிக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது.

தோளுக்கு மேலாகக் கை நீண்டது. உள்ளங்கையில் வெள்ளையாக ஒன்று. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கை போகவில்லை. கார் குலுங்கியபோதும் அது குலுங்கவில்லை. கன்னத்துக்குப் பக்கத்தில், மைல் கணக்காக, அப்படியே இருந்தது. ஓட்டுநரின் உதடு ஓயாமல் எதையோ முணுமுணுத்தது. கடைசியில் அவர் எடுத்து விழுங்கினார். கை உள்ளே போயிற்று.

விடுதி வந்ததும் ஓட்டுநர் இறங்கிக் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினான். அவர் மாடிப்படி ஏறினார். பின்னால் பொலபொல. பொலபொல. தாழ்வாரத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். கடைசி அறை வாசலில் நாற்காலி போட்டு, முக்காலியில் காலைத் தூக்கி வைத்து, முட்டியில் வெந்நீர்ப் பையோடு ஒருத்தி பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். காலடியில் ரப்பர் செருப்பு.

நிமிர்ந்தாள். ஓ, அந்த மூக்கு. அந்தக் கண். அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

“வந்துட்டீங்களா? முட்டி வலி, நான் இங்கேயே இருக்கேன், நீங்க பாத்துட்டு வாங்கன்னு சொன்னதுக்குச் சரின்னு சொல்லிட்டுப் போனீங்க, போனை எடுத்தா என்ன குறைஞ்சிடும்? மாத்திரை டப்பாவைக்கூட விட்டுட்டு...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை அவரைத் தாண்டிப் போயிற்று. “என்னங்க, அது என் துப்பட்டாவாச்சே. அந்தத் தெருவுல காத்துல போயிடுச்சே.” பத்திரிகை கையிலிருந்து விழுந்தது. “என்னங்க... யாருங்க அது?”

தோளுக்கு மேலாகக் கை நீண்டது.

இந்த முறை நல்ல வெளிச்சம். உள்ளங்கையில் இருந்தது சுண்ணாம்புக் காரை. ஒரு வாசலிலிருந்து பெயர்த்தெடுத்த சின்னச் சில்லு.

வேண்டாம் என்று நினைத்தார். வாய் திறந்தது. பழக்கம். விழுங்கினார்.

பிறகு முதுகில், விரலை மடக்கி, யாரோ தட்டினார்கள்.

டொப்.

டொப்.

அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியாதா என்ன?

“என்னங்க, ஏதாவது பேசுங்களேன். பயமா இருக்குங்க!”

உள்ளே போ, கதவைத் தாழ்ப்பாள் போடு என்று சொல்ல வந்தார். வாய் நிறையக் காரை மாவு. “ம்” என்றார்.

மஞ்சள் துப்பட்டா அவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. முதன்முறையாக முன்னால். நிற்கவில்லை, திரும்பவில்லை. படியிறங்கி, பின்வாசல் வழியாக, அந்தப் பாழுந்தெருப் பக்கம் நடந்தது. பத்தடி விட்டு, அவருடைய கால்களும் கிளம்பின.

மேலேயிருந்து மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். செருப்பு சரக் சரக்கென்று படியில் இறங்கி வந்து, வாசலோடு நின்றது. அவள் முகத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தரம். கழுத்தைத் திருப்பினார். கழுத்து திரும்பவில்லை. முன்னால் மஞ்சள் துணி, அதற்கும் முன்னால், தெருக்கோடியில், பூச்சு பெயர்ந்து திறந்து கிடந்த ஒரு வாசல்.

“என்னங்க! திரும்பிப் பாருங்களேன்!”

“ம்” என்று சொல்லிக்கொண்டே அவர் நடந்தார்.