சிவப்பென்றால் கோல்

ஒரு ஜோடிக் கண்ணுக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸில் மூன்று லட்சம் போட்டிருந்தார்கள். அந்த விலைக்கே யாராவது கேட்டால் இப்போதே கழற்றிக் கொடுத்துவிடலாம் போல பூர்ணிமாவுக்கு எரிந்தது.

ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்த லேபில், ஏசியின் முனகலும் தோல் ஊறும் தொட்டிகளிலிருந்து கசிந்து வரும் புளித்த வாடையும் பிடரியில் உட்கார்ந்து அழுத்த, அவள் மதியத்திலிருந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். ஷூவின் உள்தோலில் கிருமி அண்டாமலிருக்கப் பூசும் வெள்ளித் துகள்கள். அவ்வளவு பொடிசின் வடிவம் எந்தக் கண்ணாடிக்கும் நேராகத் தெரியாது. பக்கவாட்டில் ஒளியடித்தால் இருட்டில் புள்ளிகளாக மின்னும், அந்த நிறம்தான் வடிவத்தைக் காட்டிக்கொடுக்கும். நீலமென்றால் உருண்டை. பச்சையென்றால் முக்கோணம். சிவப்பென்றால் கோல்.

இந்தச் சரக்கில் உருண்டை மட்டும்தான் இருக்க வேண்டும். சிவப்பு இருந்தது. அதுவும் ஆடியது. திரவத்தில் மிதந்தால் துகள் நடுங்கும். காய்ந்த பூச்சில் அசையக் கூடாது.

“இன்னாம்மா, இன்னும் கலர் டிவி பாத்துக்கினு இருக்கியா?” கதவுக்கு வெளியே ஏற்றுமதி சூப்பர்வைசர் கலீமுல்லா. “கன்டெய்னர் நிக்குது.”

“துகளு ஆடுது பாய்.”

“ஆடட்டும். சரக்கு உசுரோட இருக்குன்னு எழுது, ரேட்டு ஜாஸ்தி கேக்கலாம்.”

சிரிக்கத் தெம்பில்லை. தோல் துண்டை வெளியே எடுத்து, கையுறையைக் கழற்றி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள். ஆம்பூர்க்காரர்களுக்குத் தோலைக் கண்டால் அந்த விரல் சும்மா இருக்காது. எத்தனை மெஷின் வந்தாலும் விரல் சொன்னால்தான் நம்புவார்கள். நன்றாகவே காய்ந்திருந்தது. அலுப்பில் அதே விரலால் வலது கண்ணைக் கசக்கினாள். பிறகு இடது கண்ணை.

துண்டுக்குப் பதிலாக வெறும் கண்ணாடிச் சில்லை வைத்துப் பார்த்தாள்.

சிவப்புப் புள்ளிகள்.

லென்ஸைத் துடைத்தாள். இருந்தன. விளக்கை அணைத்தாள். இருந்தன. நிமிர்ந்தாள். கறுப்புத் துணி முழுக்க. கண்ணை மூடினாள்.

உள்ளேயும்.

ஆடுவது நின்றது. அவை நகர்ந்தன, ஒதுங்கின, வரிசை கட்டின. ஒரு பெரியது, பக்கத்தில் இரண்டு சின்னது. அந்த வரிசை அவளுக்குத் தெரியும். ஆட்டுத் தோலின் மயிர்க்கால்கள். ஒவ்வொரு கோலும் மெல்ல நிமிர்ந்தது.

வலியே இல்லை.

“பூர்ணிமா? பாஸா, ஃபெயிலா? சொல்லும்மா.”

கட்டை விரல் தானாக மேலே போனது. வலது இமையை விலக்கி, விழியைத் தொட்டது. அழுத்தித் தேய்த்தது.

விரல் பொய் சொல்லாது. முதல் தரத் தோல். வழவழப்பு, சீரான பதம்.

வலது கண் முழுக்கக் காய்ந்துவிட்டது. இடதில் இன்னும் கொஞ்சம் ஈரம் பாக்கி.