எழுபத்திரண்டு மணி நேரச் சேனை

மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் யாரும் தும்மக்கூடாது. தும்மல் வந்தால் இரண்டு கதவுகளைத் தாண்டி, மாடிப்படியில் நின்று தும்மிவிட்டு வரவேண்டும். ஆவுடையப்பனுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அவருக்குத் தும்மல் வருவதே அபூர்வம். வந்தாலும் அவசரமில்லாமல்தான் வரும்.

ஐம்பத்தொரு வயது. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருபது வருடம் பந்தி மேற்பார்வை பார்த்தவர். எண்ணூறு பேர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, “அண்ணாச்சி, சாம்பார் தீந்துபோச்சு” என்று சமையற்கட்டிலிருந்து சேதி வரும். “அப்படியா” என்பார். அந்த ஒரு சொல்லில் ரசம் முந்திக்கொள்ளும், அப்பளம் இரண்டாம் சுற்று வரும், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது.

இந்தக் குணம் பிடிக்காத ஒரே ஆள் அவர் மனைவி சொர்ணம். தன் அப்பா இறந்த செய்தியை அவள் ஓடிவந்து சொன்னபோதும் அவர் “அப்படியா” என்றுதான் சொன்னார். இருபத்தாறு வருடமாகியும் அந்த “அப்படியா” அவள் காலில் குத்திய முள்ளாக உள்ளேயே இருந்தது.

மண்டபத்தில் வீணாகிக்கொண்டிருந்த இந்த நிதானத்தை மருத்துவமனை கண்டுபிடித்தது ஓட்டத்தாங்கி என்ற கருவி வந்த பிறகுதான்.

பெரியவர்களின் மூளைக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. உடம்பில் ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், அது தன் குழாய்களைச் சுருக்கியும் விரித்தும் தனக்கு வேண்டிய அளவை மட்டும் வாங்கிக்கொள்ளும். இருபத்தாறு வாரத்தில் அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட குழந்தைக்கு அது கைவந்திருக்காது. அழுத்தம் ஏறினால் ரத்தம் குபுகுபுவென்று ஏறும், இறங்கினால் வற்றும். இந்த ஆட்டத்தில் மூளையின் நடுவே இருக்கும் நூலிழைக் குழாய்கள் விட்டுப்போகும். முதல் மூன்று நாள்தான் பெரிய கண்டம். அந்த மூன்று நாளுக்கு ஒரு பெரியவரின் சாமர்த்தியத்தை ஓட்டத்தாங்கி குழந்தைக்கு இரவல் கொடுக்கும். இவர் தலையில் ஒரு பட்டை, குழந்தை தலையில் ஒரு பட்டை. திரையில் இரண்டு கோடுகள்: மேலே இவர், கீழே குழந்தை. மேல்கோடு நேராகப் போனால் கீழ்க்கோடும் அதைப் பார்த்து நேராகப் போகும்.

ஓட்டத்தாங்கி நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு நிதானர் என்று பெயர். மொத்தம் ஆறு பேர். ஒருவர் வருடத்துக்குப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு மேல் தாங்கக்கூடாது என்று விதி. விதியை எழுதியவர்களுக்குச் சேனையைப் பற்றித் தெரியாது. பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீரை யார் தொட்டுவைக்கிறார்களோ அவர் குணம் அதற்கு வரும் என்பது ஊர் நம்பிக்கை. சர்க்கரைத் தண்ணீர் பச்சிளம் பிரிவுக்குள் நுழைய முடியாது. ஆகவே நம்பிக்கை மட்டும் உள்ளே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

“அண்ணாச்சிக்குக் கோவம் வருமா?” என்று கேட்பார்கள் பெற்றவர்கள்.

“வராது.”

“குடி?”

“மோர் குடிப்பேன்.”

“எங்களுக்கு இவர்தான் வேணும் டாக்டர். அந்த இன்னொருத்தர் ஆட்டோக்காரன்கிட்ட சத்தம் போட்டதை எங்க மச்சினன் பாத்திருக்கான்.”

மருத்துவர் தெபோராள் முதலில் விதியைக் காட்டினார். பிறகு தாய்மார்களின் கண்ணீரைப் பார்த்து விதியை மேசைக்குள் வைத்தார். நான்கு வருடத்தில் நூற்று நாற்பத்திரண்டு குழந்தைகள். மற்ற ஐந்து நிதானர்களும் பெரும்பாலும் கேரம் ஆடினார்கள்.

பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். ஊசி போட்டால் அழவில்லை. வெடிச்சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை. அவர் தாங்கிய முதல் குழந்தை தாமிரா. அவள் தாய் பிச்சம்மாள் வருடம் தவறாமல் அல்வாவோடு வருவாள்.

“நாலு வயசாவுது அண்ணாச்சி, ஒருநாள் அழுததில்ல. பேசின மொத வார்த்தை என்ன தெரியுமா? அப்படியா!”

எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் முப்பது தாய்மார்கள் இதையே சொன்னபோது தெபோராள் மட்டும் சிரிப்பதை நிறுத்தினார்.

நூற்று நாற்பத்து மூன்றாவது குழந்தை எழுநூற்று எண்பது கிராம். ஐம்பதாவது மணி நேரம், மாலை நான்கு மணி. வெளியே நடைபாதையில் யாரோ எவர்சில்வர் தட்டைப் போட்டுவிட்டார்கள்.

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அது என்னவென்றே அவருக்கு முதலில் புரியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வேர்த்தது. பதறிப்போய்க் குழந்தையைப் பார்த்தார். அது அசையாமல் கிடந்தது. திரையில் கீழ்க்கோடு இழுத்துக் கட்டிய கம்பிபோல நேராக ஓடியது. மேல்கோடுதான் துள்ளியது, துள்ளிய கோட்டைக் கீழ்க்கோடு மெல்ல மெல்லக் கீழே இழுத்து அமர்த்தியது. கண்ணாடிப் பெட்டிக்குள் தீக்குச்சி போன்ற ஒரு விரல் அசைந்தது, ‘இரு, இரு’ என்பதுபோல.

தெபோராள் ஓடிவந்தார். “பயப்படாதீங்க அண்ணாச்சி.”

“பயமாத்தான் இருக்கு டாக்டர்.”

மருத்துவருக்கு அந்தப் பதில்தான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. சோதித்துவிட்டுச் சொன்னார்: “நீங்க இரவல் குடுக்கீங்கன்னு நினைச்சோம். கைமாறியிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா உங்க நிதானம் பிள்ளைங்ககிட்ட போயிட்டு, அவங்க தத்தளிப்பு உங்ககிட்ட வந்துட்டு. உங்க மூளையில ரத்தம் இப்ப இருபத்தாறு வாரக் குழந்தைக்கு ஓடுற மாதிரி ஓடுது.”

“அப்ப இவனை நான் தாங்கலையா?”

“இவன்தான் உங்களைத் தாங்குதான். இன்னும் இருபத்திரண்டு மணி நேரம்.”

அதற்குப் பிறகு குழந்தை தலையிலிருந்து பட்டையைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் தெருவில் ஒரு டயர் வெடித்தாலும் போதும், அவர் தலைக்குள் ஒரு குழாய் வெடித்துவிடும். மற்ற ஐந்து நிதானர்களின் பதிவுகளைப் பொருத்திப் பார்த்தார்கள். அவர் மூளை ஒன்றையும் ஏற்கவில்லை. அதற்குத் தன் சொந்த ஓட்டம்தான் தெரிந்தது. அவருடைய பழைய பதிவும் தாங்காது, உயிருள்ள தலை வேண்டும். அவருடைய ஓட்டம் உயிரோடு இருந்தது பிள்ளைகளிடம் மட்டும்தான்.

சொர்ணம் வந்தபோது அவரைத் தலை திரும்பாதபடி நேராகப் படுக்கவைத்திருந்தார்கள். காலைத் தூக்கக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது. குழந்தைகளுக்கு என்று அவரே நூறு முறை சொன்ன விதிகள்.

“சொர்ணம், போயிராத. எனக்குப் பயமா இருக்கு.”

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவராகவே ஆரம்பித்தார். “ஒங்க அப்பா செத்தப்ப நான் ஒன்னைப் பிடிச்சிக்கிட்டு ஒரு பாட்டம் அழுதிருக்கணும். கல்லு மாதிரி நின்னேன்லா?” சொல்லும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. மேல்கோடு ஆட்டம் போட்டது.

“அழாதீங்க, கோடு ஆடுது” என்றாள் சொர்ணம். இருபத்தாறு வருடம் காத்திருந்து கிடைத்த அழுகையை அவளே நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

தெபோராள் கூப்பிட்டனுப்பியதால் மத்தியானம் பிச்சம்மாள் தாமிராவோடு வந்தாள். இந்தத் தடவை அல்வா இல்லை.

“ஏன் டாக்டர், அண்ணாச்சி இப்ப பயந்த சுபாவமாமே. எம் புள்ளைக்கு அது தொத்திக்கிடாதா?”

தெபோராளுக்குப் பொய் வராது. “தொத்தலாம். எவ்வளவுன்னு தெரியாது. நீங்க மாட்டேன்னா யாரும் குறை சொல்ல முடியாது.”

பிச்சம்மாள் நெடுநேரம் அந்தத் திரையையே பார்த்தாள். நான்கு வருடத்துக்கு முன் அதே திரையை அவள் பார்த்திருக்கிறாள். தாமிரா இதற்குள் நாற்காலியில் ஏறிவிட்டாள். கால் தரைக்கு எட்டவில்லை.

“பயமா இருக்கா தாத்தா?”

“ஆமா தாயி.”

“அப்படியா” என்று தலையை நீட்டினாள், பட்டைக்கு.

“போடுங்க டாக்டர்” என்று பிச்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சொர்ணமும் ஒரு கையெழுத்துப் போடவேண்டும். பேனாவை வாங்கிக்கொண்டு கணவரைத் திரும்பிப் பார்த்தாள். படுக்கையில் இருந்தவர் அவள் சேலை முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். போட்டாள்.

எழுநூற்று எண்பது கிராம் குழந்தை, தலையில் ஒரு சொட்டுக் கசிவில்லாமல் பிழைத்தது. ஆவுடையப்பனும் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். “மூணு மாசம் தாங்கும். அப்புறம் அடுத்த பிள்ளையைக் கூப்பிடணும்” என்று தெபோராள் பட்டியலைப் பார்த்தபடி சொன்னார்.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. சொர்ணத்தின் ஒரு கையில் ரசச் செம்பு. மறுகையால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். பிச்சம்மாள் குரல் அடுப்படி முழுக்கக் கேட்டது.

“அக்கா, தாமிரா நேத்துலேர்ந்து அழுதுக்கிட்டே இருக்கா. மூடி விழுந்தா அழுதா, காக்கா கத்துனா அழுதா. நாலு வருசமா அழாத புள்ளை, எனக்குத் தேத்தவே தெரியலையே! அண்ணாச்சிகிட்டேர்ந்து திருப்பி வாங்கிக்கிட முடியுமான்னு டாக்டர்ட்ட கொஞ்சம் கேக்கீங்களா?”

ஆவுடையப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அப்படியா” என்றார்.

சொர்ணம் அவரைப் பார்த்தாள். கையிலிருந்த செம்பை விட்டாள். அது சிமெண்டுத் தரையில் விழுந்து, வீடே அதிர, உருண்டு உருண்டு அவர் கால்மாட்டில் போய் நின்றது. அவர் நிமிரவில்லை. “மோர் இருக்குல்லா?” என்றார்.

போனில் தாமிரா வீறிட்டாள்.

சொர்ணம் சட்டென்று குனிந்து போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். ரசம் அவள் காலைச் சுற்றி ஓடியது.

“அழு தாயி” என்றாள். “நல்லா அழு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”