பழைய குழாயில் யார் ரத்தம்?

கண்ணம்மாளின் கறவை மாடு நாலு நாளாகத் தீனி எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பன் விஷம் வைத்துவிட்டார் என்று கண்ணம்மாள் போலீசுக்குப் புகார் எழுதிக் கையில் வைத்திருந்தார். அவர்களுக்குள் வரப்புத் தகராறு உண்டு. பரிசோதனைக்கூடத்துக்குக் கூட வந்திருந்த மாதப்பன், பத்து நாளைக்கு முன் அந்த மாட்டை விற்றவர். விஷம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

தருமபுரியில் கால்நடை ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்தும் டாக்டர் ஜெயபிரியா, காலையில் மாட்டிடம் எடுத்த ரத்தத்தில், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்திருந்தார். உண்ணி பரப்பும் தைலேரியா ஒட்டுண்ணியின் மரபணு அதில் இருந்தது. விஷமில்லை என்றதும் மாதப்பன் சட்டென்று பேச்சை மாற்றினார்.

"அப்போ உண்ணி புடிச்ச மாட்ட நஞ்சப்பன் பக்கத்துல கட்டியிருப்பாருங்க."

உதவியாளர் அருள்குமார் உடனே தலையாட்டினார். எந்தக் கட்சி கடைசியாகப் பேசுகிறதோ, அந்தக் கட்சி அவர். விற்பனைக்கு முன் இந்த மாட்டின் ரத்தம் என்று மாதப்பன் கொண்டுவந்த சோதனைக் குழாயில் நோயில்லை என்று இதே கூடம்தான் சான்று கொடுத்தது என்றும் நினைவூட்டினார்.

ஜெயபிரியா மாடு வாங்கிய அன்று எடுத்த போட்டோவைக் கேட்டார். கண்ணம்மாள் கயிறு பிடித்து நிற்க, மாட்டின் கழுத்து முடி முழுதாக இருந்தது. பின்னால் மாதப்பனின் காளைக்கன்று ஒன்று. அதன் கழுத்தில் கையகலத்துக்கு முடி வெட்டியிருந்தது.

கூடத்தில் எடுத்துவைத்திருந்த அந்தப் பழைய குழாயை இன்னொரு முறை சோதிக்கச் சொன்னார். எந்தக் கிருமிக்கு என்று கேட்டார் அருள்குமார்.

"கிருமிக்கு இல்ல. ஆணா பெண்ணான்னு பாருங்க."

சோதனைக்கு மூன்று மணி நேரம் ஆனது. மாதப்பன் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். முடிவு வந்தது: ஆண்.

ஜெயபிரியா குரலை உயர்த்தவில்லை. "ரத்தம் எடுக்கத்தான் கழுத்து முடிய வெட்டுவாங்க. விக்கறதுக்கு மொத நாள் எடுத்ததுன்னு எழுதிக் குடுத்தீங்க. ஆனா முடி போனது கன்னுக்குத்தான். மாட்டுக்கு அப்பவே நோய் இருந்தது உங்களுக்குத் தெரியும், இல்லீங்களா?"

மாதப்பன் தரையைப் பார்த்தார். மாட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று முனகினார்.

கண்ணம்மாள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. மாடு பிழைக்குமா என்று கேட்டார். இன்றே ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்பிருக்கிறது என்ற ஜெயபிரியா, மாட்டைப் பிடிக்கத் தெம்பான ஆள் வேண்டும் என்றார்.

"பக்கத்துல நஞ்சப்பன் ஒருத்தர்தாங்க. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கூப்பிடறது?" கண்ணம்மாள் புகார்த் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். வெட்கத்தோடு போனில் அவர் எண்ணை அழுத்தினார்.

முதல் மணியிலேயே எடுத்த நஞ்சப்பன் கேட்டார்: "மாடு எப்படிம்மா இருக்குது?"