கடைக்கு வராத பாகங்கள்

செம்மேட்டில் டீ குடித்தபோது நல்ல வெயில் இருந்தது. யமுனா காரை எடுத்துக்கொண்டு வாழவந்தி நாட்டுப் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. மிளகுக்கொடி படர்ந்த மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பிறகு ரோட்டோரக் கற்கள் மறைந்தன. மதியச் சாப்பாட்டு நேரம்கூட முடிந்திருக்காது. அதற்குள் அந்தி சாய்ந்ததுபோல் இருண்டு கிடந்தது மலை.

எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வண்டியை நிறுத்தி இறங்கியபோது, குச்சிக்கிழங்குக் காட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"ஏனுங்க, சேலத்துக் கம்பெனிக்காரங்களா? அப்படியே நேரா வாங்க. ஊடு இங்கதான் இருக்குது."

அவள்தான் கோகிலவாணி. நாற்பது வயதிருக்கும். பனியில் நனைந்த புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஓட்டு வீட்டை ஒட்டி, தகரக்கூரை போட்ட தனி அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. பூட்டில் துரு ஏறியிருந்தது.

"அவரு வேலை செஞ்ச ரூமு இதுங்க. மூணு வருசமா நான் திறக்கலை."

கோகிலவாணியின் கணவர் மணிவண்ணன் அந்த அறையில் உட்கார்ந்துதான் 'மலைச்சவாரி' என்ற கார்பந்தய விளையாட்டைத் தனி ஆளாக உருவாக்கினார். கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளை ஒன்று விடாமல் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்திருந்தார். தமிழிலேயே ஓடும் விளையாட்டு. ஒரு காலத்தில் காலேஜ் பசங்கள் வெறியாக விளையாடினார்கள். அதில் ஒரு பட்டறை உண்டு. ஜெயிக்கிறவர்கள் அங்கே போய்த் தங்கள் வண்டிக்கு நல்ல டயர், நல்ல என்ஜின், நல்ல பிரேக் என்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் மணிவண்ணன் தன் ஜீப்பில் மலை இறங்கினார். அதே வளைவுகளில் ஒன்றில் ஜீப் பள்ளத்தில் விழுந்தது.

யமுனா வேலை பார்க்கும் கம்பெனி இப்போது அந்த விளையாட்டை வாங்கியிருந்தது. செல்போனில் ஓட வேண்டும் என்றால் அளவைக் குறைக்க வேண்டும். விளையாட்டின் மூல ஃபைல்கள் முழுவதும் இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தன. உள்ளே பயன்படாமல் கிடக்கிற குப்பைகளைப் பார்த்துக் கழித்துக்கட்டத்தான் யமுனா வந்திருந்தாள்.

அறைக்குள் எலிப்புழுக்கை நாற்றமும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து அடித்தன. கம்ப்யூட்டர்மேல் பழைய பெட்ஷீட் போர்த்தியிருந்தது. ஸ்பீக்கர் ஒயர்களை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. சுவிட்சைப் போட்டாள். எதுவும் எரியவில்லை.

"இந்த ரூமுக்குக் கரண்டு இல்லீங்க. அவரு போனப்பவே ஒயரைப் பிடுங்கச் சொல்லிட்டேன். இருங்க, சமையக்கட்டுலிருந்து இழுத்துத் தாரேன்."

நீளமான ஒயர் ஒன்று வந்தது. கம்ப்யூட்டர் இருமிக்கொண்டே எழுந்தது.

வேலை முதலில் சுலபமாகவே போனது. பட்டறைக்கான ஃபைல்களுக்கு நடுவே, கடையில் விற்பனைக்கு வராத பாகங்கள் சில கிடந்தன. யமுனாவுக்கு அது புதிதில்லை. விளையாட்டு செய்கிறவர்கள் பாதியில் கைவிட்டதை அப்படியே உள்ளே விட்டுவிடுவது வழக்கம்தான். ஆனால் அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் வண்டியில் மாட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் விளையாட்டு வேறெங்காவது சிக்கி நின்றுவிடும்.

பட்டறையைத் திறந்தாள். திரையில் பச்சை ஜீப் ஒன்று நின்றது. 'பம்பர்' என்று பெயரிட்டிருந்த முதல் பாகத்தை மாட்டினாள்.

பளபளப்பான பம்பர் போய், நடுவில் ஒடிந்து தொங்கும் பம்பர் வந்தது.

அடுத்தது முன்கண்ணாடி. மாட்டியதும் கண்ணாடி முழுவதும் சிலந்திவலைபோல் விரிசல் ஓடியது. அடுத்தது இடப்பக்கக் கதவு. அது காகிதம்போல் மடிந்து, கீல் ஒன்றில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. விரல் அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு ஏறும் நிறம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

யமுனா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். எந்த விளையாட்டிலும் பாகங்கள் வண்டியை மேலே கொண்டுபோகத்தான் இருக்கும். இவை ஒவ்வொன்றும் வண்டியைக் கீழே தள்ளின.

பின்னால் சுக்குக் காப்பி மணந்தது. கோகிலவாணி டம்ளருடன் நின்றிருந்தாள். திரையைக் குனிந்து பார்த்தாள். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையால் திரையைத் துடைத்தாள். அந்த நசுங்கலை அழித்துவிடலாம் என்பதுபோல் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"இது எங்க ஜீப்புங்க."

"ஆமாங்கக்கா. அவரு தன்னோட ஜீப்பைப் பாத்துத்தான் செஞ்சிருப்பாரு."

"அதைச் சொல்லலீங்க. கிரேன் வெச்சு மேல தூக்குனப்ப இப்படித்தான் இருந்துச்சு. இதே கதவு. இதே மாதிரி ஆடுச்சு."

யமுனா மவுஸை நகர்த்தினாள். அந்தக் கதவு எப்போது உருவாக்கப்பட்டது என்று ஃபைலின் தேதியைப் பார்த்தாள்.

மணிவண்ணன் இறந்த பிறகு.

பம்பரும் அப்படித்தான். கண்ணாடியும் அப்படித்தான். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போனால் தேதி தப்பும், அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வருவதுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே பட்டியலின் கடைசிக்கு வந்தாள்.

கடைசியாக இருந்த பாகத்துக்கு இன்றைய தேதி இருந்தது.

அவள் செம்மேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம்.

இந்த அறைக்குள் கரண்டே இல்லாத நேரம்.

"என்னங்க அது?" கோகிலவாணியின் குரல் தாழ்ந்திருந்தது. "படிங்க."

"ஒண்ணுமில்லீங்கக்கா. 'பிரேம், இடது சீட்'னு போட்டிருக்குது. வண்டிக்குக் கீழ இருக்கற இரும்புக் கூடு இருக்குமில்ல, அந்த ஃபிரேமைத்தான் சொல்றாரு போல."

கோகிலவாணி திரையில் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள். தகரக்கூரையில் பனி சொட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"கூட்டைக் கொண்டுபோய் சீட்டுலயா மாட்டுவாங்க?"

யமுனா திரும்பிப் பார்த்தாள். கோகிலவாணியின் முகம் வெளுத்திருந்தது.

"பிரேமு என்ற தம்பிங்க. கூடப் பொறந்தவன். திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னான். நான் ஆகாதுன்னேன். சண்டை போட்டுட்டு விடியறதுக்கு முன்னாலயே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான். அன்னைக்குக் காலையிலதான் அவரும் போனாரு. மாமன் செத்ததுக்குக்கூட அவன் வரலீங்க. போனும் எடுக்கலை. மூணு வருசமா அவன் பேரை இந்த ஊட்டுல யாரும் எடுக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன்."

"ஜீப்புல அவரு தனியாத்தானே..."

"தனியாத்தான் இருந்தாருங்க. அவரு ஒருத்தரைத்தான் எடுத்தாங்க."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். ஜீப்பின் இடப்பக்க இருக்கை காலியாக இருந்தது. பட்டனுக்குப் பக்கத்தில் 'மாட்டவா?' என்ற சொல் விட்டு விட்டு மின்னியது.

"அக்கா, வேண்டாம். கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிரலாம்."

கோகிலவாணி கையை நீட்டினாள். மண் படிந்த அவளுடைய விரல் கீபோர்டில் இறங்கியது.

இருக்கையில் யாரும் வரவில்லை.

ஜீப் மட்டும் இடப்பக்கமாகச் சாய்ந்தது. ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு சாயுமோ, அவ்வளவு.

பிறகு அது நகர்ந்தது.

யமுனா எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை. பட்டறை மறைந்து மலைரோடு வந்தது. ரோட்டில் வெளியே இருந்ததுபோலவே பனி. விளையாட்டை மூடும் பட்டனை அழுத்தினாள், மூடவில்லை. ஜீப் முதல் வளைவில் திரும்பியது. அடுத்த வளைவில் திரும்பியது. வேகம் ஏறிக்கொண்டே போனது. அறைக்குள் மெல்ல ஒரு வாடை பரவியது. மலை இறங்குகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த வாடை அது.

பிரேக் கருகும் வாடை.

யமுனா சுவரோரம் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினாள். பிளக் அவள் கையோடு வந்தது.

திரை அணையவில்லை.

எலி கடித்துப்போட்ட ஸ்பீக்கரிலிருந்து கரகரவென்று ஓர் ஓசை வந்தது. என்ஜின் சத்தம். அதற்கடியில் மூச்சு. அதற்கும் அடியில், இளவயதுக் குரல் ஒன்று.

"மாமா... மெதுவாப் போங்க மாமா..."

கோகிலவாணி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா!"

ஜீப் வளைவில் திரும்பவில்லை. தடுப்புச் சுவரைத் தாண்டிக் காற்றில் மிதந்தது. இடப்பக்கக் கதவு பிய்ந்து திறந்தது. ஜீப் சுழன்று சுழன்று கீழே போனது, ஆனால் திரை அதன்கூடப் போகவில்லை. பாதிப் பள்ளத்திலேயே நின்றுவிட்டது. பாறை இடுக்கு ஒன்று தெரிந்தது. இடுக்கிலிருந்து வெளியே வளைந்து வளர்ந்த ஒரு கல்லத்தி மரம். மரத்துக்கும் பாறைக்கும் நடுவே கொடிகள் மூடிய இருட்டு.

அந்த இருட்டையே காட்டிக்கொண்டிருந்தது திரை.

ஸ்பீக்கர் ஒரே ஒரு தடவை, காதோரம் சொல்வதுபோல் சொன்னது.

"அக்கா."

திரை அணைந்தது.

அன்றைக்கு யமுனாவால் மலை இறங்க முடியவில்லை. கோகிலவாணியும் அவளும் சமையலறையில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விடியும் முன்பே கோகிலவாணி எழுந்து போய், பக்கத்துக் காட்டுத் தனபாலைக் கூட்டிவந்தாள். மிளகு பறிக்க எந்த மரத்திலும் ஏறுகிற ஆள் அவர்.

"அந்த மரம் எனக்குத் தெரியும்" என்றார் தனபால், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "ரோட்டுல நின்னு எட்டிப் பாத்தாத் தெரியாது. ஜீப்பைத் தேடுனப்ப நாங்க நேரா அடிவாரத்துக்கு எறங்கிட்டோம். அங்க ஆருமே பாக்கலை."

வளைவுச் சுவரின் பக்கம் பனி இன்னும் விலகியிருக்கவில்லை. தனபாலும் இன்னொருவரும் கயிறு கட்டி இறங்கினார்கள். மேலே நின்றவர்களுக்குக் கயிறு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"தனபாலண்ணா!" கோகிலவாணி கூப்பிட்டாள். "என்னங்கண்ணா?"

கீழேயிருந்து தனபாலின் குரல் வந்தது.

"கோகிலா, நீ எட்டிப் பாக்காதே சாமி. அங்கயே உக்காரு. யமுனாம்மா, அவளைப் பிடிச்சுக்குங்க."

தோளில் மாட்டும் பையின் வார் மட்காமல் இருந்தது. அதை வைத்துத்தான் கோகிலவாணி அடையாளம் சொன்னாள். போலீஸ் வந்தது, எழுதியது, எடுத்துப்போனது. பஸ்ஸுக்காக நடந்துகொண்டிருந்த மச்சானை மணிவண்ணன் வழியில் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள். விழும்போது கதவு வழியாக வெளியே எறியப்பட்டிருப்பான் என்றார்கள். மேலே கேட்காமலும் கீழே தெரியாமலும் அவன் எத்தனை நேரம் உயிரோடு கிடந்தான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எலும்புகளைக் கொடுத்த அன்று கோகிலவாணி அழவில்லை. வெள்ளைத்துணி மூட்டையை மடியில் வைத்து, குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டினாள்.

"வரலை வரலைன்னு உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேனே கண்ணு. நீ கூப்புட்டுக்கிட்டே இருந்திருக்கியே."

காரியம் முடிந்த பிறகு யமுனா மறுபடி போனாள். கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடும்படி கோகிலவாணி போனில் கேட்டிருந்தாள். அன்று பனியே இல்லை. மலை முழுவதும் பளிச்சென்று வெயில். எடுப்பதற்கு முன் யமுனா பயந்துகொண்டே ஒருமுறை போட்டுப் பார்த்தாள். உடைந்த பாகங்கள் எதுவும் இல்லை. அப்படிச் சில ஃபைல்கள் இருந்ததற்கான தடம்கூட இல்லை. பட்டறையில் பச்சை ஜீப் நசுங்காமல், நேராக நின்றது.

"போயிட்டாங்கக்கா" என்றாள்.

"போகட்டுங்க" என்றாள் கோகிலவாணி. முதல் தடவையாக அவள் முகம் இளகியிருந்தது. "நீங்க பாத்து, மெதுவாப் போங்க."

கம்ப்யூட்டரை டிக்கியில் வைத்தாள் யமுனா. கைப்பையைப் பின்சீட்டில் போட்டாள். சோளக்காட்டைத் தாண்டி முதல் வளைவில் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது.

அப்போதுதான் காருக்குள் அந்தச் சத்தம் தொடங்கியது.

டிங். டிங். டிங்.

முன்னால் சிவப்பு விளக்கு ஒன்று மின்னியது. இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் சீட்பெல்ட் போடவில்லை என்றது.

இருக்கை காலியாக இருந்தது.

யமுனா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, ரோட்டையே பார்த்தபடி கையை நீட்டி, பெல்ட்டை இழுத்தாள். காற்றில் எதன்மீதோ படாமல் இருக்க, கொஞ்சம் தள்ளியே சுற்றிக்கொண்டு வந்து மாட்டினாள். சத்தம் நின்றது. அதன்பிறகு எல்லா வளைவுகளிலும் ஹாரனை அழுத்திக்கொண்டு, இரண்டாவது கியரிலேயே இறங்கினாள்.

காரவள்ளியில் மலைரோடு முடிந்தது. நிழலில் நிறுத்தினாள். சுற்றிப்போய் இடப்பக்கக் கதவை அகலமாகத் திறந்துவிட்டாள். பெல்ட்டைக் கழற்றினாள்.

"எறங்கிக்க தம்பி" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "மலை முடிஞ்சிருச்சு. திருப்பூர் பஸ் இங்கிருந்து பிடிச்சுப் போயிக்கலாம். இனி பயமில்லை."

தோப்பிலிருந்து வந்த காற்று கதவை லேசாக அசைத்தது. ஒரு நிமிடம் அப்படியே கைகூப்பி நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தன் இருக்கைக்கு வந்து, வண்டியைக் கிளப்பினாள்.

சமவெளி ரோடு நேராக, வெயிலில் நீண்டு கிடந்தது. முதல் கிலோமீட்டர் கல்லைத் தாண்டினாள்.

டிங். டிங். டிங்.